சாட்சியமும் தொன்மமும்: திலாத்தெலோல்கோ பற்றிய இரு நூல்கள்

1968ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் மாலை, மெக்சிக்கோ நகரின் திலாத்தெலோல்கோச் சதுக்கத்திற் கூடியிருந்த மாணவர்மீதும் பொதுமக்கள்மீதும் துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது. ஒலிம்பிக் விழா தொடங்கப் பத்து நாட்களே இருந்தன. அரசியற் கைதிகளின் விடுதலை, கலகம் அடக்கும் பொலிஸ் பிரிவைக் கலைத்தல், அரசுடன் பகிரங்கப் பேச்சுவார்த்தை என்பனவே மாணவர் கோரியவை. செப்டெம்பர் 13இல் வாய்திறவாது ஊர்வலம் சென்று தமது கட்டுப்பாட்டினையும் அவர்கள் உலகறியச் செய்திருந்தனர். மாணவரே முதலிற் சுட்டனர் என்றது அரசு. சனாதிபதியின் காவற்படையைச் சேர்ந்தோர் கட்டடங்களில் நிறுத்தப்பட்டிருந்தமை 1999இல் வெளியான ஆவணங்களாற் புலனாயிற்று. இறந்தோர் தொகையோ, கூறுவோரைப் பொறுத்து, முப்பதுக்கும் முந்நூறுக்கும் இடையே நிற்கிறது.

இந்நிகழ்ச்சியை எழுத்து எவ்வாறு நினைவிற் கொள்ளுதல் வேண்டும் என்ற வினாவுக்கு முரணான இரு விடைகள் உள. ஒன்று ஒக்டாவியோ பாஸ் 1970இல் வெளியிட்ட ‘பின்குறிப்பு’. மற்றையது எலெனா பொனியத்தோவ்ஸ்கா 1971இல் தொகுத்த ‘திலாத்தெலோல்கோ இரவு’.

பாஸின் நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. புதுடில்லியில் மெக்சிக்கோவின் தூதுவராயிருந்த அவர், கொலைச்செய்தி கேட்டதும் பதவியைத் துறந்தார். அவரது நூலின் முற்பகுதி ஒற்றைக் கட்சியாட்சியையும் ஏற்றத்தாழ்வான வளர்ச்சியையும் கூர்மையாக நோக்குகின்றது. ஆயின் இறுதிப் பகுதியில், அஸ்ரெக்குகளின் பலிபீடப் பிரமிட்டே இன்றைய மெக்சிக்கரின் அடிமனத்தை ஆள்கின்றது என்றும், சதுக்கத்திற் சிந்திய இரத்தம் அப்பலியின் மீள்வருகை என்றும் அவர் வாதிடுகின்றார். கவித்துவம் மிக்க கருத்து இது. வரலாற்று விளக்கமாக ஏற்கத்தக்கதன்று. பழைய தெய்வங்கள் பலி கேட்டன என்றால், கட்டளையிட்டவர் எவர் என்ற கேள்வி மங்கிவிடுகின்றது. 1969 செப்டெம்பரில் டியஸ் ஓர்டாஸ் முழுப்பொறுப்பும் தம்முடையதே என அறிவித்தார் (வழக்கெதுவும் அவரைத் தீண்டவில்லை). சனாதிபதியே தம் தோளிற் சுமந்துகொண்டதைத் தொன்மத்தின் தோளுக்கு மாற்றுவது விபரீதமன்றோ?

பொனியத்தோவ்ஸ்கா விளக்கம் கூற முற்படவில்லை. சிறையிலிருந்த மாணவர் தலைவர், பிள்ளையைத் தேடியலைந்த தாய், மாணவரைப் பழித்த முதியோர் எனப் பலரது குரல்களையும், சுவரொட்டி வாசகங்களையும், பத்திரிகைத் தலைப்புக்களையும் அடுக்கிச் செல்கின்றார். பெரும்பாலான கூற்றுக்களின் கீழும் பேசியவரது பெயரும், அவர் இன்ன பீடத்து மாணவர், இன்னாருடைய தாய் என்னும் குறிப்பும் காணப்படுகின்றன. நூலின் உருவமே இப்பெயர்க் குறிப்பிற்றான் தங்கியுள்ளது. எண்ணிக்கையை மறைத்த அரசுக்கெதிரே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நிறுத்துவது வெறும் உத்தி மட்டுமன்று. முதற்பகுதி ஊர்வலங்களின் களிப்பை விரிவாகக் காட்டுவதும் கவனிக்கத்தக்கது. இறந்தோர் பலியாடுகளாகவன்றி, திட்டமும் நகைச்சுவையும் உடைய அரசியல் மாந்தராகத் தோன்றுகின்றனர்.

இதனாலேயே 1997இல் எழுந்த சர்ச்சை பாரதூரமானதாயிற்று. மாணவர் தலைவருள் ஒருவரும், சிறையிலிருந்து ‘நாட்களும் ஆண்டுகளும்’ என்ற நூலை எழுதியவருமான லூயிஸ் கொன்சாலெஸ் டி அல்பா, தம் சொற்கள் சில பிறர் வாயில் வைக்கப்பட்டுள்ளன எனக் குற்றஞ்சாட்டினார். புனைகதையாயின் இதனை ஆசிரியரின் உரிமை எனக் கொள்ளலாம். பெயரையே ஆதாரமாகக் கொண்ட நூலிற் பெயர் பிறழ்ந்தால் அதன் அத்திவாரம் ஆட்டங்காண்கிறது. விமர்சகர் சிலர் இதனை இருவரிடைப் பூசலாகக் கருதி ஒதுக்கியமை பொருத்தமன்று. 1998ஆம் ஆண்டுப் பதிப்பிற் திருத்தங்கள் செய்யப்பட்டன. பாஸ் முன்னுரை எழுதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 1975இல் வெளிவந்தது. அதனைப் பயன்படுத்துவோர் அது இத்திருத்தங்களுக்கு முந்தியதென்பதை மனங்கொள்ளல் வேண்டும்.