கடற்போர் ஓவியத்தில் காற்று எந்தப் பக்கம்?

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் மூர்த்திக்குப்பம், பனித்திட்டு, மணப்பட்டு ஊர்களின் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடியலில் கரைக்கு வந்ததும் அவர்கள் முதலில் கவனிப்பது காற்றை. கச்சானா, வாடையா, கொண்டலா, நீரோட்டம் வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் வலையில் கை வைப்பார்கள். பாய்மரக் காலத்துக் கடல் ஓவியத்தை ரசிக்க முதலில் வேண்டியதும் இந்த அறிவுதான். வண்ணம், பாணி, ஓவியப் பள்ளி எல்லாம் அதற்கு அப்புறம். பாகூர்க்காரர்களும் வில்லியனூர்க்காரர்களும் இந்த வகை ஓவியங்களை நம்பிக்கையோடு பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஓவியங்களில் சில, நம் கடலில் நடந்தவற்றைப் பற்றியவை.

வரைந்தவர் டொமினிக் செர். பிரான்சின் தென்மேற்கில், கடலே எட்டாத ஓஷ் என்ற ஊரில் 1720ஐ ஒட்டிப் பிறந்தவர். மகனைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அவர் ஸ்பெயினுக்கு ஓடிப்போய்ச் சாதாரண மாலுமியாகக் கப்பல் ஏறினார். அட்லாண்டிக்கைத் தாண்டித் தென்னமெரிக்கா போனார், நாளடைவில் தாமே ஒரு வணிகக் கப்பலின் தலைவராகி ஹவானா பக்கம் ஓட்டினார். அங்கேதான் விதி மாறியது. ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று அவரைப் பிடித்துக் கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. விடுதலையான பிறகு ஊர் திரும்பவில்லை. அங்கேயே மணம் முடித்து, வயிற்றுப்பாட்டுக்குக் கப்பல் படங்கள் வரையத் தொடங்கினார். சார்லஸ் புரூக்கிங் என்ற கடல் ஓவியர் தொழில் நுணுக்கம் சொல்லிக்கொடுத்தார். 1768இல் லண்டனில் ராயல் அகாதெமி தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் கடல் ஓவியர் இவர் ஒருவர்தான். 1780இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் கடல் ஓவியர் ஆனார். 1793இல் இறக்கும்போது அகாதெமியின் நூலகர். மகன் ஜான் தாமஸ் செரும் அப்பா தொழிலுக்கே வந்தார்.

இந்த வாழ்க்கையில் என்னை மிகவும் தொடுவது ஹவானா. 1762இல் ஆங்கிலேயர் அந்த நகரைப் பிடித்ததை வரிசையாகப் பல ஓவியங்களில் வரைந்தவர் செர். போரில் இருந்த ஆர்ஸ்பிரிட்ஜ் என்ற கடற்படை அதிகாரியின் கோட்டுப்படங்கள் கையில் இருந்தன. ஆனால் அந்தத் துறைமுகம் அவர் தாமே கப்பல் ஓட்டிய இடம். கோட்டுப்படம் தராத ஒன்று அவர் நினைவில் இருந்திருக்கும்.

இனி நம் கடலுக்கு வருவோம். 1778இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அதை ஒட்டிய போரில், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாகக் கடலூர். இந்த மோதல்களில் பலவற்றைச் செர் லண்டனில் இருந்தபடி வரைந்தார். அவற்றில் சில கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். புதுச்சேரி நகரில் சுஃப்ரேன் வீதியில் நடக்கிற பலருக்கு அந்தப் பெயர் ஒரு முகவரி மட்டுமே. அந்த ஆளின் கப்பல்களை இங்கே காணலாம்.

படத்தைத் திறந்ததும் பீரங்கிப் புகையையும் உடைந்த பாய்மரத்தையும் தேடாதீர்கள். முதலில் கொடியைப் பாருங்கள். பாய்மர உச்சியில் நாக்கு மாதிரி நீண்டு பறக்கிற சின்னக் கொடி எந்தப் பக்கம் போகிறது? புகை அதே பக்கம் போகிறதா? பாய் புடைத்திருப்பது அந்தக் காற்றுக்கா? அலையின் வெள்ளை நுரை அதே திசைக்கு ஒத்து ஓடுகிறதா? நான்கும் ஒத்துப்போனால் வரைந்தவர் கடல் பார்த்தவர். ஒன்று முரண்டுபிடித்தாலும் அது அறைக்குள் பிறந்த படம். செரிடம் இவை ஒத்துப்போகும். பாய்க்கயிற்றைப் பிடித்து உள்ளங்கை காய்த்தவர் வரைந்தவை அவை.

அடுத்தது கப்பலின் சாய்வு. காற்று வரும் பக்கம் நிற்கும் கப்பல், எதிரியை நோக்கிச் சாயும். அதன் கீழ்த்தட்டுப் பீரங்கித் துளைகள் தண்ணீரை நெருங்கிவிடும். காற்று பலத்தால் அவற்றைத் திறக்கவே முடியாது, கடல் உள்ளே ஏறிவிடும். ஆனால் புகை முழுக்க எதிரியின் முகத்தில் போய் அடையும், கிட்டே போவதா விலகுவதா என்று தீர்மானிக்கும் உரிமையும் இவர்களுக்கே. மறுபக்கத்துக் கப்பலுக்கு எல்லாம் தலைகீழ். இதற்காகத்தான் தளபதிகள் குண்டு போடும் முன் நாள் கணக்கில் காற்றுக்கு அலைந்தார்கள்.

கடலூர்ப் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூஸிடம் 18 பெரும் போர்க்கப்பல்கள், சுஃப்ரேனிடம் 15. எண்ணிக்கையில் மிஞ்சிய ஹியூஸ் உடனே மோதவில்லை, காற்றைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். ஜூன் மாதத்தில் நம் கரையில் காலையில் மேற்கே இருந்து காற்று அடிக்கும், பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும். இது குப்பத்துச் சிறுவனுக்கும் தெரியும். அந்த நாட்களில் மேற்குக் காற்று விடாமல் நின்றது. 1783 ஜூன் 20 மாலை, கரைப்பக்கம் பிரெஞ்சுக் கப்பல்களும் கடல்பக்கம் ஆங்கிலக் கப்பல்களுமாக வடக்கே முகம் வைத்துச் சுமார் மூன்று மணி நேரம் சுட்டுக்கொண்டன. ஒரு கப்பலும் மூழ்கவில்லை. இரு தரப்பிலும் ஏறத்தாழ நூறு நூறு பேர் செத்தார்கள். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூர் பிரெஞ்சுக்காரரிடமே நின்றது. பாகூரிலிருந்து கடலூர் பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரம்தான். அன்று பொழுது சாயும் வேளையில் ஏரிக்கரையில் நின்றவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். சில நாளில், ஐரோப்பாவில் ஏற்கெனவே சமாதானம் பேசி முடித்துவிட்ட செய்தி வந்து சேர்ந்தது.

இந்தப் போரை ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்தார். பிரெஸ்த் நகரத்துக்காரரான ஒகுஸ்த் ழுயுழெலே, 1836இல், அதாவது போர் முடிந்து 53 ஆண்டுக்குப் பின். ஆங்கில மன்னரின் ஓவியர் வரைந்த கடற்போர்ப் படம் ஒன்றையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் பணம் கொடுத்து வரையச் சொன்னார், யாருடைய கப்பலில் வெளிச்சம் விழுகிறது என்று கேட்டால் பாதி வரலாறு பிடிபடும். செர் பிறப்பால் பிரெஞ்சுக்காரர், சம்பளத்தால் ஆங்கிலேயர். எதிரிக் கப்பலின் கயிற்றைக்கூட அவர் ஏனோதானோ என்று போட்டதில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நான் பெரிய ஓவியர் என்று சொல்வேன்.

கொடியில் ஒரு எச்சரிக்கை. பிரான்சின் மூவண்ணக் கொடியைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வந்தது. 1782, 83இல் பிரெஞ்சுக் கடற்படைக் கொடி முழு வெள்ளை. வெள்ளையைக் கண்டதும் சரணடைந்துவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தளபதியைத் தேடும்போதும் கவனம் வேண்டும். கடலூரில் சுஃப்ரேன் பெரிய கப்பலில் இல்லை. அரசர் ஆணைப்படி வரிசைக்கு வெளியே கிளியோபாத்ர் என்ற சிறிய கப்பலில் நின்று போரை நடத்தினார். அணிவகுப்பில் சேராமல் ஒதுங்கி நிற்கும் சின்னக் கப்பலைக் கண் தவறவிடக் கூடாது.

பாய்களை ஒருமுறை எண்ணிவிடுங்கள். போரின்போது கீழே இருக்கும் பெரும்பாயைச் சுருட்டி மேலே ஏற்றிவிடுவார்கள். பீரங்கியின் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், தளத்தில் நிற்பவர் கண்ணையும் மறைக்கும். நடுப்பாயை வைத்தே கப்பலை ஓட்டுவார்கள். எல்லாப் பாயும் விரித்தபடி சண்டை போடும் கப்பலைக் கண்டால் ஓவியர் அழகுக்காக வரைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வானத்துக்கு இவ்வளவு இடம் ஏன் என்று பலர் கேட்பார்கள். அடிவானத்தை மிகத் தாழ்த்தி, படத்தின் பெரும்பகுதியை மேகத்துக்குக் கொடுப்பது டச்சுக்காரர்களான வான் தெ வெல்தெ தந்தையும் மகனும் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த மரபு. செர் அந்த வழி வந்தவர். கீழ் ஓரத்தில் மேக நிழல் விழுந்த கரிய தண்ணீர் ஒரு பட்டை, அதற்கு அப்பால் வெயில் பட்ட கப்பல். இந்த இருளும் ஒளியும்தான் தட்டையான துணியில் தூரத்தை உண்டாக்குகின்றன. தண்ணீரின் நிறத்தில் மட்டும் நான் அவரோடு உடன்படமாட்டேன். பச்சை கலந்த சாம்பல், இங்கிலீஷ் கால்வாயின் நிறம். மேற்குக் காற்றில் கரையோரம் தணிந்து கிடக்கும் நம் ஜூன் கடல் அப்படி இருக்காது.

வில்லியனூர்க்காரர்கள் கடற்கரைக்குப் போகாமலே கண்ணைப் பழக்கலாம். ஊசுட்டேரிக் கரையில் மாலையில் நின்று, காற்றின் ஒவ்வொரு வீச்சுக்கும் தண்ணீர் எங்கே கறுக்கிறது, எங்கே கண்ணாடியாக நிற்கிறது என்று பாருங்கள். பிறகு படத்துக்குத் திரும்பினால், வெறும் நீலமாகத் தெரிந்த இடத்தில் காற்று நடந்து போன தடம் தெரியும்.

பாரதி பூங்கா அருகே உள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும், பாகூர், வில்லியனூர் அரசுப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஐந்து போர்களின் ஓவியங்களில் கிடைப்பவற்றைப் பெரிய அச்சுப் பிரதிகளாக எடுத்து மாட்டுங்கள். குழந்தைகளுக்குக் காட்டும் நாளில், பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிய வயதான மீனவர் ஒருவரை அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்துங்கள். விளக்கம் அவர் சொல்லட்டும்.