இரட்சணிய யாத்திரிகத்தில் பழிச்சொல்லும் விசுவாச உறுதியும்

முன்னுரை

எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ (1678) என்னும் உரைநடை உருவகக் கதையைத் தழுவிய காப்பியமாகும். ‘நற்போதகம்’ இதழில் தொடராக வெளிவந்து, 1894இல் நூல்வடிவம் பெற்றது. தழுவல் நூல் என்னும் அடையாளமே இதன் தனித்தன்மையை மறைத்துவிடுவதுண்டு. பழிக்கப்படும் விசுவாசி தன் அழைப்பில் எவ்வாறு நிலைநிற்கிறான் என்னும் வினாவிற்கு இரு நூல்களும் அளிக்கும் விடைகளை ஒப்பிட்டால் அத்தனித்தன்மை புலனாகும்.

பனியனின் விடை

உரிமம் இன்றிப் பிரசங்கம் செய்தமைக்காக 1660இல் கைதான பனியன், பெட்போர்டு சிறையில் ஏறத்தாழ 12 ஆண்டுகளைக் கழித்தவர். அவ்வனுபவத்தின் சாயல் மாயச்சந்தைக் காட்சியில் தெரிகிறது. சந்தைப் பொருள்களை வாங்க மறுத்த பயணியர் இருவரும் பித்தர் எனவும் கலகக்காரர் எனவும் தூற்றப்படுகின்றனர். பொறாமை, மூடநம்பிக்கை முதலியன சாட்சிகளாக வந்து குற்றம் சாட்டுகின்றன. விசுவாசத்தின் உருவான பயணி ஒவ்வொரு குற்றச்சாட்டிற்கும் விடை கூறி, இறுதியில் எரிக்கப்படுகிறான். அவன் உறுதியைக் கண்ட அந்நகரத்தான் ஒருவன் புதிய பயணியாகப் புறப்படுகிறான். பழிச்சொல்லிற்கு விடை சாட்சியமே என்பது பனியனின் நிலைப்பாடு.

குமார பருவமும் நிதான பருவமும்

கிருட்டிணபிள்ளை காப்பியத்தை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுத்தார். இவற்றுள் குமார பருவத்தில் அமைந்த இரட்சணிய சரிதப் படலம் இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கிறது. மூலநூலில் இவ்வாறு விரிந்த பாடுகளின் வரலாறு இல்லை. சிலுவை பயணியின் சுமை கழலும் இடமாக மட்டுமே வருகிறது. தமிழ்க் காப்பியத்திலோ, கட்டுண்டும் எள்ளப்பட்டும் நிற்கும் இயேசு மறுமொழி கூறாது பொறுக்கிறார். அவரைப் பிணித்தது கயிறன்று, பகைத்தவர்மீது அவர் கொண்ட அன்பே என்பது கவிஞர் காட்டும் பொருள்.

இப்பருவத்தை அடுத்து வருவது, விசுவாசப் பயணியாகிய நிதானியின் பெயரை நினைவூட்டும் நிதான பருவம். இம்முறைவைப்பு கருதத்தக்கது. குமாரனின் பாடுகளைக் கற்ற பின்னரே படிப்பவர் அடியவனின் உறுதியை அடைகிறார். ஆகவே அடியவனின் சாட்சியம் தனிமனித வீரமாக நில்லாமல், தலைவன் நடந்த வழியைப் பின்பற்றுதலாக மாறுகிறது. பனியனிடம் முதன்மை பெறுவது விடைகூறும் துணிவு. கிருட்டிணபிள்ளையிடம் அத்துணிவிற்கு முன் பழிப்பவர்மீது இரக்கம் வேண்டப்படுகிறது.

உருவகத்தின் எல்லை

உருவக நெறிக்கு ஒரு குறையும் உண்டு. எதிர்ப்பவன் பொறாமை என்றே பெயர் பெற்றுவிட்டால், அவன் சொல்லில் நியாயம் உண்டா என்னும் வினாவே எழுவதில்லை. பனியனின் பயணி, மனைவியும் மக்களும் திரும்பி வருமாறு கதறும்போது காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அவர்கள் துயரம் கதையின் முதற்பகுதியில் விடையின்றி நிற்கிறது.

கிருட்டிணபிள்ளை வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். சமயம் மாறுவோரைத் தடுக்கும் சொல் யாவும் பகையிலிருந்து பிறப்பதில்லை. பிரிவின் வருத்தமும் அவ்வாறு பேசக்கூடும். பகைவரையும் எண்ணி உருகும் இயேசுவைக் காப்பியத்தில் விரித்துக் காட்டியதனால், உருவகம் அடைத்த அவ்வாயில் ஓரளவு திறக்கிறது. தம் பழைய மரபின் காப்பிய நடையையே புதிய விசுவாசத்திற்கு ஊடகமாக்கியதும், பிரிந்துவந்த உறவை முற்றும் அறுக்காத செயலாகவே கொள்ளத்தக்கது.

முடிவுரை

விமர்சனத்திற்கு இடையே அழைப்பைக் காத்தல் என்பது இரட்சணிய யாத்திரிகத்தில் செவியை அடைத்துக்கொள்ளும் பிடிவாதமன்று; பழிப்பவரையும் அன்பின் எல்லைக்குள் வைத்துக்கொண்டு வழிநடத்தலாகும். குமார பருவத்தை மூலக்கதைக்கு இடையே செருகப்பட்ட பகுதியாகக் கொள்வோர் இப்பொருளை இழப்பர். நூலின் அறநோக்கு அப்பருவத்திலேயே நிலைகொண்டுள்ளது. தழுவல் தனிக்காப்பியமாவதும் அவ்விடத்திலேயாகும்.