வளரிளம் பருவத்து இடுப்பு மூட்டு: அறுவை மரபுகளும் அளவுகோல்களும்

இடுப்பு மூட்டின் கிண்ணக்குழி ஆழமின்றி வளர்ந்தால், தொடை எலும்பின் தலைக்கு அது போதிய கூரையாக அமையாது. இதுவே டிஸ்பிளேசியா. உடல் எடை கிண்ணத்தின் விளிம்பை ஒட்டிய சிறு பகுதியிலேயே இறங்குவதால் குருத்தெலும்பு இளமையிலேயே தேய்கிறது. பெண் பிள்ளைகளிடம் இது அதிகம். கைக்குழந்தையில் கண்ணில் படாமல் போனது, 12 வயதுக்கு மேல் தொடை இடுக்கில் வலியாக வெளிப்படும். வலிக்கும் பக்கத்துக் காலை மட்டும் ஊன்றி நிற்கச் சொன்னால் மறுபக்க இடுப்பு கீழே இறங்கும். கோவை மருதமலைக் கோயிலின் படியேறிய மறுநாள் நொண்டும் பிள்ளைக்குத் தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அந்தப் படத்தில் பார்க்கும் முதல் அளவுகோல், கிண்ணம் தலையை எவ்வளவு மூடுகிறது என்று காட்ட சுவீடனின் வீபெர்க் 1939-இல் வகுத்த கோணம். 25 பாகைக்கு மேல் இயல்பு, 20-க்குக் கீழ் டிஸ்பிளேசியா, இடைப்பட்டது எல்லைக்கோடு.

குறையைத் திருத்தும் அறுவைகள் பல. டொராண்டோவின் சால்டர் 1961-இல் வெளியிட்ட முறையில் இடுப்பெலும்பை ஓரிடத்தில் வெட்டிக் கிண்ணத்தைச் சாய்ப்பார்கள். அது சிறு குழந்தைகளுக்கே பெரிதும் பொருந்தும். அமெரிக்காவின் ஸ்டீல் 1973-இல் மூன்று வெட்டுகளை முன்வைத்தார். ஜெர்மனியின் டோனிஸ் அவற்றைக் கிண்ணத்துக்கு அருகே கொண்டுவந்தார். கிண்ணத்தின் வளர்ச்சிக் குருத்தெலும்பு மூடாத பிள்ளைகளுக்கு மூன்று வெட்டு முறையே கைகொடுக்கிறது. வியன்னாவின் கியாரி முறை மூட்டுக்கு மேலே எலும்பை வெட்டி நகர்த்திக் கூரை அமைக்கும். அங்கே இயற்கையான குருத்தெலும்பு இல்லாததால் அது கடைசி வழி.

வளர்ச்சி முடிந்த இளையோருக்கு இன்று முன்னிற்பது, பெர்ன் நகரில் கான்ஸ் 1984-இல் தொடங்கிய முறை. கிண்ணத்தைச் சுற்றி வெட்டினாலும் இடுப்பெலும்பின் பின்தூண் உடைவதில்லை. பிரசவப் பாதையும் குறுகுவதில்லை. விடுபட்ட துண்டைத் திருப்பித் தலையை மூடச் செய்து, சில ஸ்க்ரூக்களால் நிறுத்துவார்கள். திருப்பம் குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் தொடை எலும்பின் கழுத்து விளிம்பில் இடிக்கும். அதனால் அறுவை மேஜையிலேயே எக்ஸ்ரே பார்த்துச் சரிசெய்வார்கள். பிறகு சில வாரங்கள் ஊன்றுகோல். பெர்னின் முதல் நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில், 20 ஆண்டு கழித்தும் ஏறத்தாழ 60 சதவீத மூட்டுகள் சொந்த மூட்டுகளாகவே நீடித்தன. முன்பே தேய்ந்திருந்தவையே அதிகம் தோற்றன.

எனவே காலத்தே கண்டறிவதே முதல் தரம். கோவையில், துடியலூர் வழியே செல்லும் மேட்டுப்பாளையம் சாலையிலேயே, 1978-இல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனையில் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. வீட்டின் பங்கும் உண்டு: பிள்ளையைக் கால் அகட்டி இடுப்பில் வைத்துத் தூக்கும் கொங்கு நாட்டுப் பழக்கம் மூட்டுக்கு நல்லது, கால்களை நீட்டி இறுகத் துணி சுற்றுவது கெடுதல்.