குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டிய சைக்கிள்

முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஸ்டம்ப்ஜம்பரின் ஆரம்பகால வண்டி ஒன்றை முதன்முறை பார்க்கிற யாரும் "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றுதான் கேட்பார்கள். ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் கிடையாது, டிஸ்க் பிரேக் கிடையாது. ஒல்லியான இரும்புக் குழாய்கள், அகலமான ஹேண்டில்பார், தடித்த டயர், அவ்வளவுதான். நம்மூர்ப் பள்ளிக்கூடப் பையன்கள் ஓட்டும் ரேஞ்சர் சைக்கிளைப் பல வருடம் வெயிலில் நிறுத்திவைத்ததுபோல் தெரியும். பேரனைப் பார்த்துப் பழகிவிட்டுத் தாத்தாவைப் பார்க்கிறோம். ஜாடை தெரிகிறது, அதனாலேயே தாத்தா சாதாரணமாகத் தெரிகிறார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த ஸ்பெஷலைஸ்டு என்ற சிறிய நிறுவனம் ஜப்பானில் செய்யச் சொல்லி, கப்பலில் வரவழைத்து விற்ற வண்டி இது. 1981-ல் உருவாகி, 1982-ல் பரவலாக விற்பனைக்கு வந்தது. விலை 750 டாலர். கடைக்குப் போய்க் காசு கொடுத்தால் கிடைக்கிற அளவுக்கு எண்ணிக்கையில் தயாரான முதல் மலைச் சைக்கிள்களில் ஒன்று. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலேயே ஒன்று இருக்கிறது. ஸ்டம்ப் என்றால் மரத்தை வெட்டியபின் தரையில் மிஞ்சி நிற்கும் அடிக்கட்டை. தமிழில் பெயர் வைத்திருந்தால் 'கட்டைதாண்டி' என்று வைத்திருப்பார்கள். அந்தப் பெயருக்கு இன்னும் நன்றாகவே விற்றிருக்கும் என்பது என் கட்சி.

நேரிலோ நல்ல புகைப்படத்திலோ, இதை ரசிக்கும் முறை ஒன்றுதான்: நின்றுகொண்டு பார்க்காதீர்கள். குந்தி உட்கார்ந்து, செயின் இருக்கும் வலது பக்கத்திலிருந்து, பாகம் பாகமாகப் பாருங்கள். ஆனால் உட்காருவதற்கு முன்னால் ஒரு மலைச்சரிவைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மாவட்டம். அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், தீயணைப்பு வண்டிகள் போவதற்காக வெட்டிய மண் பாதை ஒன்று மலையிலிருந்து இறங்குகிறது. நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர். அதற்குள் 400 மீட்டர் உயரம் இறங்கிவிடும். எழுபதுகளில் அந்த ஊர் இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களோடு அங்கே போக ஆரம்பித்தார்கள். 1930, 40-களில் ஷ்வின் போன்ற நிறுவனங்கள் செய்த கனத்த வண்டிகள், ஒரு காலத்தில் பேப்பர் போடும் பையன்கள் ஓட்டியவை. பலதில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான். அது பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கும். ஒரே ஒரு இறக்கத்தில் ஹப் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படித் திரும்ப அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக் என்பார்கள். பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

1976 அக்டோபரில் சார்லி கெல்லி அங்கே முதல் பந்தயத்தை நடத்தினார். ஒருவர் பின் ஒருவராக, கடிகாரத்தோடு போட்டி. பின்னால் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கிய சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. அந்தச் சரிவில் பழைய ஃப்ரேம்கள் உடைந்துகொண்டே இருந்தன. ஜோ பிரீஸ் என்பவர், இனிப் பழையதைத் தேடுவதைவிட நாமே செய்துவிடலாம் என்று 1977-ல் புதிதாக ஒன்றைப் பற்றவைத்தார். டாம் ரிட்ச்சி 1979-ல் அதே வேலையில் இறங்க, ஃபிஷரும் கெல்லியும் சேர்ந்து ரிட்ச்சியின் ஃப்ரேம்களை வண்டியாக்கி விற்றார்கள். கைவேலை, அதனால் விலை சுமார் 1,300 டாலர். அன்றைக்கு ஒரு சைக்கிளுக்கு அது கிறுக்குத்தனமான தொகை.

இந்த இடத்தில்தான் மைக் சின்யார்ட் வருகிறார். அவர் சைக்கிள் செய்கிறவர் அல்லர், இறக்குமதி செய்கிறவர். தன்னிடமிருந்த ஃபோக்ஸ்வேகன் வேனை விற்ற காசில் ஐரோப்பாவைச் சைக்கிளில் சுற்றப் போனவர், இத்தாலியில் சினெல்லி நிறுவனத்தாரைப் பார்த்துப் பேசி, அவர்களுடைய ஹேண்டில்பார்களை வாங்கிவந்து கலிபோர்னியாவில் விற்றார். 1974-ல் ஸ்பெஷலைஸ்டு தொடங்கியது அப்படித்தான். அடுத்து 1976-ல் தன் பெயரிலேயே டயர் போட்டார். நல்ல பாகம் எந்த ஊரில் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும், யாரிடம் விற்கலாம் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு வியாபாரியின் கண்ணும் கையும் ஸ்டம்ப்ஜம்பரில் தெரிகின்றன. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ரசனையின் சுவாரசியம்.

சரி, இப்போது உட்காருங்கள்.

முதலில் பிரேக். ரிம்மின் இரண்டு பக்கமும் கொம்பு முளைத்ததுபோல் நீட்டிக்கொண்டு, நடுவில் கம்பியால் இழுபட்டு நிற்கும். பிரான்சின் மஃபாக் நிறுவனம் செய்தது. யாருக்காக? மூட்டை முடிச்சோடு நெடுந்தூரம் போகிற பயணிகளுக்கும், இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளுக்கும். பாரத்தோடு இறக்கத்தில் வருகிற வண்டியை நிறுத்தும் தெம்பு அதற்கு உண்டு. அந்தக் கொம்புகளுக்கு நடுவே தடித்த டயர் சேற்றோடு சுழலவும் இடமுண்டு. இப்போது பிரேக் பிடியைப் பாருங்கள். விரல் நான்கும் அடங்குகிற நீளம். ஆரம்பகால வண்டிகளில் அது மோட்டார் சைக்கிளுக்கான பிடி. ரீபேக்கில் நான்கைந்து நிமிடம் விடாமல் பிரேக் பிடித்து இறங்கியவர்களின் விரல்கள் கேட்ட பாகம் அது. பயணிகளின் பிரேக்கும் மோட்டார் சைக்கிளின் பிடியும் ஒரே கம்பியின் இரு முனைகள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர்கள் மரின் பையன்கள். சின்யார்ட் மண்டபம் பிடித்தார்.

கிராங்க் டிஏ என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அதில் மூன்று பற்சக்கரம். மேடேறும் பயணிகளுக்காக மிகச் சிறிய சக்கரம் வரை பொருத்த முடிகிற கிராங்க் அது. பின்னால் ஐந்து, ஆக மொத்தம் பதினைந்து கியர்.

பின்சக்கரத்தின் கீழே தொங்கும் கியர் மாற்றியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அது ஜப்பானின் சன்டூர். செயினை இடமும் வலமும் நகர்த்தும் இணைகரச் சட்டம் ஒன்று அதற்குள் இருக்கிறது. பழைய கருவிகளில் அந்தச் சட்டம் நேர் பக்கவாட்டில் மட்டும் நகரும். பின்னால் இருக்கும் பற்சக்கரங்களோ பெரியதிலிருந்து சிறியதுவரை சரிவாக அடுக்கியவை. அதனால் சிறிய சக்கரத்தின் அடியில் வரும்போது செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிக் கியர் தடுமாறும். சன்டூர் 1964-ல் செய்தது ஒரே ஒரு மாற்றம்: சட்டத்தைச் சாய்த்துவைத்தார்கள். சாய்ந்த சட்டம் சக்கரங்களின் சரிவோடு கூடவே இறங்கி ஏறும், இடைவெளி மாறாது. இவ்வளவு எளிய யோசனைக்குக் காப்புரிமை இருந்ததால் மற்றவர்கள் இருபது வருடம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் அது காலாவதியானதும் ஷிமானோ எடுத்துக்கொண்டது. சன்டூர் அதற்குப் பிறகு மெலிந்துபோனது. இன்று பெரும்பாலான கியர் சைக்கிள்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அந்தச் சாய்வு தெரியும்.

கியரை மாற்றும் நெம்புகோல் ஹேண்டில்பாரின் மேலே, கட்டைவிரலுக்கு எட்டும்படி இருக்கிறது. அதில் கியருக்குக் கியர் 'டக்' என்று நிற்கும் அமைப்பு கிடையாது. எவ்வளவு தள்ள வேண்டும் என்று காதுதான் சொல்ல வேண்டும். செயின் கரகரத்தால் இன்னும் கொஞ்சம், அடங்கினால் சரி. ரேடியோவில் ஸ்டேஷன் பிடித்துப் பழகிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எப்போதாவது இப்படிப்பட்ட வண்டியை ஓட்டக் கிடைத்தால், தயவுசெய்து காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து மூட்டுகள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும் (அருங்காட்சியகத்தில் முயன்றால் நான் பொறுப்பில்லை). ரிட்ச்சியின் கைவேலை என்றால் பித்தளையை உருக்கிவிட்டு அரம் போட்டு மழமழவென்று ஆக்கியிருப்பார், ஒரு குழாய் இன்னொன்றிலிருந்து கிளை பிரிந்ததுபோல் இருக்கும். தொழிற்சாலைக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. ஜப்பானிலிருந்து அந்த ஆண்டுகளில் வந்த மலைச் சைக்கிள்களில் சிலவற்றில் தையல் போட்டதுபோல் வெல்டிங் வரி தெரியும். வேறு சிலவற்றில் நம் பழைய கறுப்பு சைக்கிள்களில் இருப்பதுபோல லக், அதாவது குழாய்களைக் கோத்துப் பிடிக்கும் உறை, இருக்கும்.

மூட்டைப் பற்றிப் பேசும்போது வம்பையும் பேசிவிடலாம். சின்யார்ட் ரிட்ச்சியின் வண்டிகள் நான்கை வாங்கியிருந்தார். ஸ்டம்ப்ஜம்பரை வடிவமைத்த டிம் நீனன் முன்னால் அந்த முன்மாதிரி இருந்தது. நகல் என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் மறைவதில்லை. ஆனால் ரிட்ச்சியின் வண்டியில் பாதி விலையைக் கொஞ்சம் தாண்டி ஒன்று கடைக்கு வந்திராவிட்டால் இந்த விளையாட்டு மரின் மலைகளிலேயே, சில நூறு பேரின் பொழுதுபோக்காகத் தேங்கியிருக்கவும் கூடும். நான் குந்தி உட்காரும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

இப்போது எழுந்து பத்தடி பின்னால் போங்கள். முன்ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது பாருங்கள். சக்கரம் உங்களைவிட்டுத் தள்ளி, முன்னால் போய் நிற்கிறது. பின்சக்கரமும் சீட்டிலிருந்து விலகியே இருக்கிறது. மொத்தத்தில் நீளமான வண்டி, கால் நீட்டிப் படுத்த நாய்போல. இறக்கத்தில் நிதானமாக, நேராகப் போகும். நெருக்கமான வளைவில் திருப்பினால் முனகும். ரீபேக்கின் சரிவு இந்த வடிவத்துக்குள் இருக்கிறது. மேடேறும் பந்தயங்கள் பெருகியபோது, எண்பதுகளின் கடைசியில், வண்டிகள் குட்டையாகி ஃபோர்க் நிமிர்ந்தது. இப்போது வரும் மலைச் சைக்கிள்களில் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. பழைய பையன்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சக்கரம் 26 அங்குலம். ஏன் 26 என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. அந்தப் பழைய ஷ்வின் வண்டிகளில் இருந்த அளவு அது. குப்பையிலிருந்து எடுத்த சைக்கிளின் சக்கர அளவு முப்பது வருடம் உலகம் முழுவதும் ஆண்டது. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் 29 அங்குலம்.

ஸ்டம்ப்ஜம்பர் தனியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாக்தாதில் பிறந்து கலிபோர்னியாவில் சைக்கிள் இறக்குமதி செய்த பென் லாவி, ஏறக்குறைய அதே நேரத்தில் யூனிவேகா என்ற பெயரில் ஜப்பானிலிருந்து மலைச் சைக்கிளைக் கொண்டுவந்தார். எது முந்தியது என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1985-க்குப் பின் ஜப்பானிய யென்னின் மதிப்பு ஏற ஏற, இந்தத் தயாரிப்பு மெல்லத் தைவானுக்கு நகர்ந்தது. 2001-ல் தைவானின் மெரிடா நிறுவனம் ஸ்பெஷலைஸ்டில் பங்கு வாங்கியது. அதற்குப் பிந்தைய கதை கணக்குப் பிள்ளைகளுக்கானது.

கடைசியாக ஒன்று. பளபளவென்று புதுசாக்கிய வண்டியைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பெயின்ட் புதிது, டயர் புதிது, கம்பி புதிது என்றால் ரசிப்பதற்கு மிஞ்சுவது குறைவு. நேராக சீட்டுக்குக் கீழே போங்கள். சீட்டைத் தாங்கும் தண்டு ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில், அந்தக் காலத்து மலைச் சைக்கிள்களில் ஸ்பானர் இல்லாமலே தளர்த்த ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். மேடேறும்போது சீட் உயரமாக இருக்க வேண்டும், கால் நன்றாக நீளும். உச்சிக்கு வந்ததும் இறங்கி, நெம்புகோலைத் திருகி, சீட்டை அடிவரை அழுத்திவிட்டு, அதன்பிறகுதான் சரிவில் விடுவார்கள். இறங்காமலே சீட்டைத் தாழ்த்துவதற்கு ஜோ பிரீஸ் பின்னால் ஒரு ஸ்பிரிங்கே செய்து விற்றார். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் தண்டில் ஒரு கீறல் விழும். அந்தக் கீறல்களைத் தேடுங்கள். மேலிருந்து கீழாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நூறு இருந்தால் அந்த வண்டி நூறு தடவை உச்சியில் நின்றிருக்கிறது.