குத்துவிளக்கின் உச்சியில் சிலுவை

தேனியிலிருந்து கூடலூர் வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கில், ஆலயங்கள் பலவற்றிலும் பீடத்தருகே ஒரு பித்தளைக் குத்துவிளக்கு நிற்கக் காண்கிறோம். உச்சியில் அன்னத்துக்குப் பதிலாகச் சிலுவை. இவ்விளக்கை ஆலயத்தில் ஏற்றலாமா, கூடாதா என்னும் வாதம் ஒரு காலத்தில் சூடாகவே நடந்தது. அது நன்றாகச் செய்யப்பட்ட விளக்குதானா என்னும் கேள்வி மட்டும் அரிதாகவே எழுந்தது. அக்கேள்வியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை, இந்தியத் திருவழிபாட்டுக்கெனப் பன்னிரண்டு தழுவல்களுக்கு இசைவு அளித்தது. மெழுகுதிரிகளுக்குப் பதில் எண்ணெய் விளக்குகளைப் பயன்படுத்தலாம் என்பது அவற்றுள் ஒன்று. பெங்களூரில் 1967இல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கிய அருட்பணி அமலோற்பவதாஸ் இதற்குப் பின்நின்று உழைத்தவர். எதிர்த்தோரும் உண்டு. அந்தச் சச்சரவில் விளக்கு ஒரு கொள்கையின் அடையாளமாகிவிட்டது. அது ஒரு கைவினைப் பொருள் என்பது மறைந்தே போயிற்று.

தமிழகத்தில் குத்துவிளக்கு என்றாலே நாச்சியார்கோவில். கும்பகோணத்தை அடுத்த அவ்வூரில் கம்மாளர் இதனை வார்க்கின்றனர். ஊரின் பெயருக்கு 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆற்றுப்படுகையின் மென்மையான வண்டல் மண்ணை இரு சட்டங்களுக்குள் இறுக்கி, அதில் அச்சைப் பதித்து எடுத்து, அக்குழிவில் உருகிய பித்தளையை ஊற்றுவர். அடித்தட்டு, தண்டு, எண்ணெய் நிற்கும் அகல், உச்சிப் பிரபை எனத் தனித்தனியே வார்த்து, அரத்தால் அராவி, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, மரையிட்டு ஒன்றோடொன்று முடுக்குவர். கழற்றி எடுத்துப் புளியிட்டுத் துலக்கலாம் என்பது வீட்டுப் பெண்களும் கோயிற்பிள்ளைகளும் அறிந்த வசதி.

இப்பிரபை தனியாகக் கழன்று வருவதால்தான் அன்னத்தை எடுத்துவிட்டுச் சிலுவையைப் பொருத்துவது எளிதாயிற்று. எளிதானதே சிக்கலும் ஆயிற்று. கடைசலில் பிறக்கும் பொருளுக்கு முன்புறம், பின்புறம் கிடையாது. ஐந்து முகங்களும் ஐந்து திசை நோக்க, எங்கிருந்து பார்த்தாலும் விளக்கு ஒன்றே. தண்டு வளையம் வளையமாய் மெலிந்தேறி, அகலில் விரிந்து, அன்னத்தின் உருண்ட உடலில் அமைதியாக முடிகிறது. நம் விளக்குகளிலோ பெரும்பாலும் தகட்டில் வெட்டிய தட்டைச் சிலுவை. நேரே அமர்ந்தோருக்குச் சிலுவையாகத் தெரிவது, பக்கத்தில் அமர்ந்தோருக்கு ஒரு பித்தளைக் குச்சியாகத் தெரிகிறது. அதன் கைகள் அகலின் விட்டத்தையும் மீறி நீளுமாயின் விளக்கே தலைகனத்துத் தள்ளாடுவதுபோல் தோன்றும். பெரிய சிலுவை பெரிய பக்தி என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும்! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, திருக்கலைகளில் வெறும் ஆடம்பரத்தை விட மேன்மையான எழிலையே தேடுமாறு ஆயர்களைக் கேட்டுக்கொள்கிறது. அந்த அளவுகோல் நம் விளக்குக்கும் பொருந்தும்.

வழி இல்லாமல் இல்லை. குமுளி மலைப்பாதை ஏறி இறங்கினால் கேரளத்தின் தோமா கிறிஸ்தவர் இல்லங்களில் சிலுவை தாங்கிய நிலவிளக்கைக் காணலாம். அங்கே அது புதிய தழுவல் அன்று, பழைய வழக்கம். நாம் கண்ட நல்ல நிலவிளக்குகளில் சிலுவை சிறியது, கைகள் தடித்தவை, முனைகள் மொட்டு விட்டவை. விளக்கின் உடலோடு ஒட்டி வளர்ந்ததுபோல் நிற்கும். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கண்டெடுத்த கற்சிலுவையையும் நினைவுகூர்வோம். அதன் முனைகளும் மொட்டுகளே. அச்சிலுவையின் மேல் ஒரு புறா இறங்குகிறது. ஆகவே அன்னம் இருந்த இடத்தில் இருந்து பறவையை முற்றாக விரட்டியிருக்க வேண்டியதில்லை. தேர்ந்த கம்மாளர் ஒருவரிடம் அக்கற்சிலுவையின் படத்தைக் கொடுத்திருந்தால் சிலுவையும் புறாவும் உருண்டு திரண்டு ஒரே பிரபையாக வந்திருக்கும்.

இனி மின்சாரக் குத்துவிளக்கு. இப்பள்ளத்தாக்கு மின்சாரத்துக்கு அந்நியமானதன்று. 1895இல் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர் லோயர்கேம்ப் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு நம் வயல்களுக்கு வருகிறது. அதனால் ஐந்து முகங்களிலும் சுடர் வடிவக் குமிழ்களைச் செருகி, தண்டின் வழியே கம்பி இழுத்த விளக்கை வெறுமனே வசதி என்று பாராட்டிவிட முடியுமா? மின்னொளிக்கும் ஓர் அறம் உண்டு. சுவீடனின் மார்க்காரிட் நகரில் 1951இல் தம் பட்டறையைத் தொடங்கிய ஹான்ஸ்-அக்னே யாக்கோப்சன் (1919–2009) அதை நன்கு அறிந்திருந்தார். மெல்லிய பைன் மரச் சீவல்களை அடுக்கி அவர் செய்த விளக்குகளில் குமிழ் கண்ணுக்குப் படாது. மரத்தில் வடிந்து தேன்நிறமான ஒளி மட்டுமே வெளிவரும். கூசும் ஒளியை மறைப்பதே அவர் கலை. குத்துவிளக்கின் கலை நேர்மாறானது. அதன் சுடர் சாந்தமானது. ஆதலால் மறைக்க ஒன்றுமில்லை. மின்சாரக் குத்துவிளக்கோ கூசுவதை மறைக்கவுமில்லை, சாந்தமான சுடரைத் தரவுமில்லை. எண்ணெய் குறைவதும் திரி கருகுவதும் அங்கே நிகழா; கவனித்துத் தூண்டிவிட ஓர் ஆளும் வேண்டா.

யாக்கோப்சனைப் பற்றி இன்னொன்று. அவர் விளக்குகளைச் சேகரிப்போர் முதலில் தேடுவது, பட்டறையின் பெயரும் ஊரும் அச்சிட்ட சிறு சீட்டை. நம் விளக்கைத் தலைகீழாய்க் கவிழ்த்துப் பாருங்கள். உபயம் செய்தவரின் பெயர் அடித்தட்டின் மேற்புறத்தில் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். செய்தவரின் பெயர் எங்கும் இராது. அடக்கம் என்று இதைப் புகழ்வோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. அடக்கம் ஒருவர் தாமே மேற்கொள்வது. கேட்கப்படாமலே விடுபட்டதற்கு அது பெயரன்று.

கடையில் விளக்கைத் தராசில் வைக்கின்றனர். எடைக்கே விலை. தண்டை இன்னும் சிறிது மெலியக் கடைந்தால் விளக்கு அழகு பெறும்; ஆனால் சீவிய பித்தளை எடையில் குறையும். கூடுதலாக உழைத்தவருக்குக் குறைவான கூலி என்னும் இக்கணக்கு நீடிக்கும்வரை, தடித்த தண்டும் தகட்டுச் சிலுவையும்தான் வந்துசேரும். புதிய விளக்கு வாங்க எண்ணும் பங்குப் பேரவையினர் பட்டறைக்கே நேரில் செல்லட்டும். சிலுவையின் அகலம் அகலின் விட்டத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லட்டும். வேலைக்கெனத் தனிக் கூலி பேசட்டும். செய்தவரின் பெயரையும் வெட்டித் தருமாறு கேட்கட்டும். அடித்தட்டின் உட்புறத்தில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.