துண்டறிக்கை சொல்லாத இயற்பியல்

மேசைக் கணிப்பொறிக்குள் பொருத்தும் ஒயர்லெஸ் அட்டை ஒன்றை எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வாங்கினோம். அட்டையைவிட அதனுடன் வந்த துண்டறிக்கையைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன். மின்னிணைப்பை நீக்கி, மூடியைக் கழற்றி, அட்டையைத் தாய்ப்பலகையின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகிடத்தில் அழுத்தித் திருகால் இறுக்குவது வரை படங்கள் தெளிவாகவே உள்ளன. குறை அதன் பின்னர்தான்.

பெட்டிக்குள் மெல்லிய கம்பி ஒன்றும் இருந்தது. உதிரி என்று நினைத்து மாணவர்கள் அதை ஒதுக்கிவிட்டனர். இணையம் வந்தது; புளூடூத் வரவில்லை. இவ்வகை அட்டைகளில் புளூடூத் பகுதிக்கு யு.எஸ்.பி. வழி தேவை. அக்கம்பியைத் தாய்ப்பலகையோடு இணைத்தால்தான் அது இயங்கும். இதைச் சொல்ல ஒரு வரி போதுமே! "அட்டை பழுது" என்று கடைக்குத் திருப்பி அனுப்ப இருந்தோம்.

அடுத்தது ஆன்டெனா. அது கணிப்பொறியின் முதுகுப்புறம் திருகப்படுகிறது. 1888-இல் ஹெர்ட்ஸ் துத்தநாகத் தகட்டில் மின்காந்த அலைகளைப் பட்டுத் திரும்பச் செய்து காட்டினார். கணிப்பொறியின் இரும்புக் கூடும் அதையே செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிய இரும்புப் பெட்டி குறுக்கே நின்றால், பின்னால் இருக்கும் ஆன்டெனாவுக்கு அலை எப்படிப் போதிய அளவு சேரும்? போதாக்குறைக்கு எங்கள் மாணவர் ஒருவர் கொம்பின் முனையை ரவுட்டரை நோக்கித் துப்பாக்கிபோல் நீட்டி வைத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. துண்டறிக்கைப் படத்தில் கொம்புகள் மனம்போன திசைகளில் நிற்கின்றன. இத்தகைய கோல் ஆன்டெனா தன் அச்சின் திசையில் மிகக் குறைவாகவே அலைகளை வாங்கும், வீசும், பக்கவாட்டில்தான் மிகுதி.

பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் 1200 என்ற எண் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் வினாடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டி, மேலும் முழுமையாக்கிய எண் அது! கணிப்பொறியோ ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் ரவுட்டரோடு பேசுகிறது. அந்த 867-ம் ஏட்டளவிலான உச்ச வேகமே. கையில் கிடைப்பது அதனினும் குறைவு. இதைத் தவறு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இரண்டு பேருந்துகளின் வேகத்தைக் கூட்டிப் பயணச்சீட்டில் அச்சிடுவார்களா?

முடிவில், நீண்ட கம்பியுள்ள அடித்தட்டு ஒன்றை வாங்கி, ஆன்டெனாக்களை மேசைமேல் நிமிர்த்தி வைத்தோம். திரையில் ஒரே கோடாய் இருந்த அலைவலிமைக் குறி நான்காக உயர்ந்தது.