காசு போடாத ஆட்டம்

நாவல் எழுதுகிறவனிடம் யந்திரங்களைப் பற்றித் தீர்ப்புக் கேட்பது விபரீதம்தான். ஆனால் கேட்டவன் என் கல்லூரி நண்பன். சிகாகோவை ஒட்டிய ஒரு சிற்றூரில் முப்பது வருஷமாக இருக்கிறான். ஓய்வு பெற்றாகிவிட்டது, முழங்கால் படி ஏற மறுக்கிறது, சின்ன வீடாகப் பார்த்துக் குடிபோக முடிவு செய்துவிட்டான். பழைய வீட்டின் நிலவறையில் ஐந்து பின்பால் யந்திரங்கள். புது வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

"எந்தப் புஸ்தகம் நிற்கும், எது நிற்காது என்று நாற்பது வருஷமாக எழுதுகிறாயே, இதையும் சொல்லேன்டா" என்றான். பாதி பரிகாசம், பாதி வேதனை. இந்த ஐந்தையும் சேர்க்க அவனுக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது. ஒரு மாதம் அங்கே தங்கினேன். பகலெல்லாம் நிலவறைதான்.

பின்பாலை நம்மில் பலர் சினிமாவில்தான் பார்த்திருப்போம். கண்ணாடி மூடிய ஒரு மேஜை. அதன் பலகை ஆடுகிறவனை நோக்கிச் சுமார் ஆறரை டிகிரி சாய்ந்திருக்கும். எண்பது கிராம் எடையுள்ள ஓர் எஃகுக் குண்டு மேலேயிருந்து உருண்டு வரும். கீழே இரண்டு சின்ன மட்டைகள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் மட்டை துள்ளிக் குண்டை மேலே அடிக்கும். இரண்டு மட்டைக்கும் நடுவில் விழுந்தால் குண்டு போயிற்று. இவ்வளவுதான் ஆட்டம்.

இந்த மட்டைகள் ஆரம்பத்தில் கிடையா. 1947-ல் காட்லீப் கம்பெனி வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் அவை முதலில் வந்தன. அதற்கு முன்பு குண்டை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். மேஜையை லேசாக இடிக்கலாம், அவ்வளவே. அதனால் அது சூதாட்டம் என்று பெயர் வாங்கிற்று. நியூயார்க் நகரம் 1942-ல் அதைத் தடை செய்தது. மேயரே சம்மட்டி எடுத்து யந்திரங்களை உடைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தடை நீங்கியது 1976-ல். ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகை எழுத்தாளர் நகரசபைக்காரர்கள் முன்னால் நின்று, 'குண்டு நடு வழியில் போகும்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விசையை இழுத்தார். போயிற்று. கைத்திறமைதான், அதிர்ஷ்டமல்ல என்று சபை ஒப்புக்கொண்டது. அவர் மட்டும் அன்று தவறவிட்டிருந்தால்? எனக்கு அதை நினைத்தாலே கை வியர்க்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த யந்திரங்கள் வீட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மதுக்கடையிலும் விளையாட்டுக் கூடத்திலும் நின்று, காசை விழுங்கி, சில நிமிஷத்தில் ஆளைத் தோற்கடித்து, அடுத்த காசைக் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. ஒரு காசில் எவ்வளவு ஆட முடியும் என்ற பதைப்பு அவற்றின் உயிர். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதைப்பு போய்விடுகிறது. பொத்தானைத் தட்டினால் ஆட்டம். மறுபடி தட்டினால் மறு ஆட்டம்.

இதனால் வருகிற வியாதியை என் நண்பனிடம் கண்டேன். முதல் குண்டு சரியாகப் போகாவிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கிறான். இப்படி ஒரு சாயங்காலத்தில் பதினெட்டுத் தடவை. முதல் அத்தியாயத்தை மட்டும் பதினெட்டுத் தடவை படித்துவிட்டு 'நாவல் அலுத்துவிட்டது' என்பவனை என்ன சொல்வது? தொண்ணூறுகளின் யந்திரங்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்துக்கொள்கின்றன. முன்கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பொத்தான்களை அழுத்தினால், எத்தனை ஆட்டம் தொடங்கியது, ஒரு குண்டு சராசரி எத்தனை நேரம் ஓடியது என்றெல்லாம் கணக்குத் தெரியும். அவன் மிகவும் நேசிப்பதாகச் சொன்ன யந்திரத்தின் கணக்கைத் திறந்து பார்த்தோம். ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள்; சராசரியோ பரிதாபம். அவன் ஒன்றும் பேசாமல் கதவை மூடினான்.

அந்த யந்திரம் 1993-ல் வந்த 'டுவைலைட் ஸோன்'. பாட் லாலர் வடிவமைத்தது. பழைய தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்தது. பலகைக்குள் நிஜமாக ஓடும் கடிகாரம். மிட்டாய் உருண்டை யந்திரத்தின் பொம்மை. எஃகுக் குண்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பீங்கான் குண்டு. பீங்கான் குண்டு எடை குறைவு, காந்தத்துக்குக் கட்டுப்படாது. அது வந்ததும் கை கற்ற பாடமெல்லாம் தவறிப்போகிறது. அபாரமான கற்பனை. படத்திலுள்ள கதவின் பகுதிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எல்லாம் ஏறியதும் எல்லாக் குண்டுகளையும் ஒரே சமயத்தில் பொழியவிடும் ஓர் உச்சக் கட்டம் உண்டு. என் நண்பன் அதை எட்டிவிட்டான். எட்டியது ஆறு வருஷம் முன்பு. அதற்கப்புறம் அந்தக் கட்டத்துக்குப் போகாத ஆட்டமெல்லாம் அவனுக்கு அரைகுறை ஆட்டம். ஆகவே மறுபடி ஆரம்பிக்கிறான்.

'தி ஆடம்ஸ் பாமிலி'யை எல்லோருக்கும் தெரியும். அதுவும் லாலர் செய்ததுதான், 1992. இருபதாயிரத்து இருநூற்று எழுபது விற்றது. அதற்குச் சமமாக விற்ற பின்பால் வேறில்லை என்பார்கள். ஒரு பெட்டியிலிருந்து கை ஒன்று எழுந்து, குண்டைக் காந்தத்தால் பற்றி, உள்ளே இழுத்துக்கொண்டு போகும். முதல் நாள் நான் குழந்தை மாதிரி கத்தினேன். மூன்றாம் வாரம் அந்தக் கை எழுந்தபோது சும்மா நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. குண்டை நிறுத்தி வேடிக்கை காட்டும் பொம்மை வயசாகிறது. குண்டால் அடிக்கவேண்டிய பொம்மைக்கு அவ்வளவு சீக்கிரம் வயசாவதில்லை. நாவலிலும், கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் வர்ணனை செய்யும் பக்கங்களை இரண்டாம் வாசிப்பில் நாம் தாண்டிப் போகிறோமே! (என் நாவல்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) ஆனால் இதே யந்திரத்தில் பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும் காந்தங்கள் திடீரென்று குண்டைத் திசை திருப்பும். அது கடைசிவரை அலுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத விஷமம் என்பதாலோ என்னவோ.

1980-ல் வந்த 'பிளாக் நைட்' இரண்டு தளம் கொண்டது; வேகம், சவடால், தலைவலி. இருபது வயசில் ஆடியிருக்க வேண்டும்.

என் தீர்ப்பு 'மெடீவல் மேட்னஸ்' பக்கம் போயிற்று. 1997, வடிவமைத்தவர் ப்ரையன் எடி. நட்ட நடுவில் ஒரு கோட்டை. குண்டால் அடித்து அடித்துத் தொங்குபாலத்தை இறக்க வேண்டும், கதவைத் தகர்க்க வேண்டும், பிறகு உள்ளே செலுத்த வேண்டும். கோபுரங்கள் ஆடிச் சரியும். விதி இவ்வளவு சுலபம். பாட்டிக்கும் பேரனுக்கும் புரியும். ஆனால் கோட்டை நேர் நடுவில் இருக்கிறது. குறி ஓர் இம்மி தவறினாலும், அடித்த குண்டு அதே வேகத்தில் இரண்டு மட்டைக்கும் நடுவே திரும்பி வரும். எதை அடிக்க ஆசைப்படுகிறாயோ அதுவே உன்னைக் கொல்லும். நூறு தடவை ஆடியும் அந்த நடுக்கம் எனக்குக் குறையவில்லை. அதில் வரும் ஹாஸ்யப் பேச்சுகள் பத்தாம் நாளே காதில் விழுவது நின்றுவிட்டன. நடுக்கம் மட்டும் நின்றது. வந்த காலத்தில் சுமார் நாலாயிரம்தான் செய்தார்கள். வில்லியம்ஸ் கம்பெனி 1999-ல் பின்பால் தொழிலையே மூடிவிட்டது. பிறகு 2015-ல் இன்னொரு கம்பெனி இதே யந்திரத்தை மறுபடி செய்து விற்றதென்றால், கேட்டவர்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

"அப்போ டுவைலைட் ஸோன்?" என்றான் நண்பன்.

"ஐந்திலும் பெரியது அதுதான். ஆனால் நீ அதைப் படித்து முடித்துவிட்டாய்."

அவனுக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவதைப் பற்றிக் கேட்டான். அது காட்லீப்பின் 'கிங்ஸ் அண்ட் குவீன்ஸ்', 1965. சீட்டுக்கட்டு ராஜா ராணிகள், கம்ப்யூட்டர் கிடையாது, ரிலே, மணி, எண் சக்கரங்கள். அழகுதான், ஆனால் ஒரு வாரத்தில் அதன் ரகசியம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் இடம் என்றேன்.

அப்போது அவன் மனைவி துணிக்கூடையுடன் இறங்கி வந்தாள். பல அமெரிக்க வீடுகளில் துணி துவைப்பதும் உலர்த்துவதும் நிலவறையில்தான். உலர்த்தும் யந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு, நேரே அந்தப் பழையதன் முன் போய் நின்றாள். பொத்தானை அழுத்தினாள். எண் சக்கரங்கள் கடகடவென்று சுற்றிப் பூஜ்யத்துக்குத் திரும்பும்வரை பொறுமையாக நின்றாள். ஐந்து குண்டு, மோசமாகப் போன முதல் குண்டையும் சேர்த்து ஐந்தையும் ஆடினாள். நாலாவதில் இடுப்பால் மேஜைக்கு ஓர் இடி கொடுத்தாள், பாருங்கள்! யந்திரத்துக்குக் கோபம் வராத அளவுக்கு, ஆனால் குண்டு பிழைக்கிற அளவுக்கு. முடிந்ததும் ஒரு பென்சிலை எடுத்து, உலர்த்தும் யந்திரத்துக்குப் பின்னால் சுவரில் ஏதோ எழுதினாள். போய்ப் பார்த்தேன். தேதியும் எண்ணும், தேதியும் எண்ணும். பதினோரு வருஷக் கணக்கு.

"அலுக்கவில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"அலுக்கறதுக்கு இதுல என்ன இருக்கு? துணி காயற வரைக்கும் ஒரு ஆட்டம். ரெண்டாவது ஆடமாட்டேன்" என்றாள். பிறகு நண்பனைப் பார்த்து, "புது வீட்டுல டிரையர் வைக்கிற அறை எவ்வளவு அகலம்னு அளந்தேளா?" என்றாள்.

குறிப்புப் புஸ்தகத்தில் நான் எழுதியிருந்த வரிசையில் பழையதை மூன்றாம் இடத்திலிருந்து அடித்தேன். எங்கே எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இருவரும் அளவு நாடாவைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போனார்கள்.